பிள்ளைக்காம்பராவின் பூட்டு

எங்கள் ஊவா மாகாணத்தில் மழைக்காட்டுச் சமூகம் என்று ஒன்று இருப்பதை, மகள் படிக்கும் சர்வதேசப் பாடசாலையின் பெற்றோர் கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டேன். திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். பனி மூடிய மரங்கள், ஓர் அருவி, அருவிக்குப் பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு வயதானவர். அடுத்த படத்தில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்று. அதன் கீழே "பாரம்பரியக் குடியிருப்பு" என்று எழுதியிருந்தது. நாங்கள் அதை லயம் என்போம். வரிசையாகக் காம்பராக்கள், ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம், பக்கத்துக் காம்பராவில் இருமினால் நமக்குத் தூக்கம் போய்விடும். ஹப்புத்தளைப் பக்கத்தில் அப்படியொரு லயத்தில்தான் நான் பிறந்தேன். அது பாரம்பரியம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

படத்தில் இருந்த இடமும் தெரிந்த இடம்தான். ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கடைசி டிவிஷன். தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. விறகு பொறுக்கப் போனால் விரட்டுவார்கள். மழைக்கும் குறைவில்லை. ஆக மழை இருக்கிறது, காடு இருக்கிறது, ஓரத்தில் சில குடும்பங்கள் இருக்கின்றன. மூன்றையும் கூட்டி ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்களும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் சிலரும் இரண்டு கிழமை அங்கே தங்கி, சேவை செய்து, நிலைபேறான வாழ்க்கையைக் கற்று, கலாசாரத்தில் மூழ்கி எழுந்து வருவார்களாம்.

மகளுக்குப் பதினேழு வயது. "யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்றப்ப இதெல்லாம் கேப்பாங்கம்மா" என்று ஒரே பிடியாக நின்றாள்.

என் கணவர் பதுளை டவுனில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற மனுசன். "நீ லயத்த விட்டு வெளிய வர எவ்ளோ பாடு பட்ட. இப்ப மகள லயத்துக்கு அனுப்ப பேக் அடுக்குற" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்தது ஐப்பசி மாதம். அந்தப் பக்கத்து மண் ஐப்பசியில் எப்படி இருக்கும் என்று கொஸ்லந்தயில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, இரவில் மழை பலமாகப் பிடித்தால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். எங்கள் வீடு டவுனில், சமதரையில் இருக்கிறது, அப்படியும் உட்கார்ந்துவிடுவேன்.

ஆகவே கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். மழை விடாமல் பெய்தால் பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பீர்கள்?

ஒருங்கிணைப்பாளர் கொழும்பிலிருந்து வந்த இளைஞர். மூங்கில் பட்டை போட்ட கைக்கடிகாரம் கட்டியிருந்தார். "அதப்பத்தி நீங்க வொரி பண்ணவே தேவல்ல ஆன்ட்டி. அந்த டிவிஷன்லயே ஸ்ட்ரோங்கான பில்டிங் நம்மகிட்டதான் இருக்கு" என்று இன்னொரு படத்தைப் போட்டார். அது பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டடம். லயங்களுக்கு எதிரே, ஓடையைத் தாண்டி, பாறை மேல் நிற்கிறது. அதைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கிப் பசுமை விடுதி ஆக்கியிருந்தார்கள். பாறை மேல் இருக்கிறதே என்று நானும் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் கிழமை முடிவில் பெற்றோரைக் கலாசார மாலை ஒன்றுக்கு அழைத்தார்கள். கணவருக்குக் கடையை விட முடியவில்லை. நான் பஸ்ஸில் போய், ஹல்துமுல்லையிலிருந்து ஆட்டோ பிடித்து இறங்கினேன்.

முதலில் கண்ணில் பட்டது பறவை. பிள்ளைக்காம்பராவின் முன்சுவர் முழுக்க, தலையை விடப் பெரிய மஞ்சள் மூக்கோடு ஒரு பறவையை வரைந்து வைத்திருந்தார்கள். எங்கள் காட்டில் அப்படியொரு பறவை கிடையாது. ஏதோ வேறு கண்டத்துப் பறவை. குழந்தைகள் எங்கே என்று தேடினேன். கடைசி லயத்து இஸ்தோப்பில், திறந்த தாழ்வாரத்தில், சாக்கு விரித்துப் போட்டிருந்தார்கள்.

"பறவைக்கு எடம் கெடச்சிருச்சி. புள்ளைகளுக்குத்தான் இன்னும் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள் என் பக்கத்தில் நின்ற பெண். கொழுந்து பறிப்பவள், முப்பத்தைந்து வயதிருக்கும், வாய் துடுக்கு. "நீங்கதான் அந்தப் புள்ளயோட அம்மாவா? மொகம் அப்படியே இருக்கு. எங்க காம்பராவுலதான் இருக்கா."

"ஒங்க காம்பராவுலயா?"

அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளும் பாடசாலையின் மற்றப் பிள்ளைகளும் கல் கட்டடத்தில். என் மகளை மட்டும் இரண்டு நாளைக்கு முன் லயத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவளுக்குத் தமிழ் தெரியும், ஆகவே முழுதாக மூழ்கலாம். ஒருங்கிணைப்பாளரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "ஷீ இஸ் அவர் பிரிட்ஜ், ஆன்ட்டி. கம்யூனிட்டிக்கும் எங்களுக்கும் அவதான் பாலம்" என்றார். பாலத்தின் மேல் ஆட்கள் நடந்து போவார்கள், அது அங்கேயே கிடக்கும். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குறித்துக்கொண்டிருப்பார்.

அந்த மாலையில் நடந்ததை முழுக்க எழுத எனக்குப் பொறுமையில்லை. மாணவர்கள் முதுகில் பிரம்புக் கூடை கட்டிக் கொழுந்து பறித்துப் படம் எடுத்தார்கள். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் நைலோன் பைதான் கட்டுகிறார்கள். நைலோன் சூழலுக்கு ஆகாது. ஆகவே அது படத்தில் வரக் கூடாது. கூடைகளைப் பண்டாரவளையில் ஒரு ஹொட்டேல் வரவேற்பறையிலிருந்து இரவல் வாங்கி வந்திருந்தார்கள். பிறகு காமன்கூத்து. மாசி மாதத்தில் நாட்கணக்காக நடத்துகிற கூத்தை ஐப்பசியில் அரை மணித்தியாலத்தில் முடித்துத் தரக் கேட்டிருந்தார்கள். ஏழு மணிக்குச் சாப்பாடு, அதற்கு முன் மன்மதன் எரிந்தாக வேண்டும்.

"இப்படி ஆடுனா சாமி குத்தம் ஆவாதா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"இது வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு சாமிக்குத் தெரியும்ங்க. மன்மதன் பாதிதான் எரிஞ்சிருக்காரு, பாருங்க."

சாப்பாட்டுக்குப் பிறகு ஒருங்கிணைப்பாளர் லயத்து ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவின் கொண்டியில் ஒரு பித்தளைப் பூட்டைத் தொங்கவிட்டார். ஆறரைக்குப் பிறகு வெளியார் யாரும் விடுதிக்குள் வரக் கூடாது என்பது அவர்களுடைய பாதுகாப்புக் கொள்கை. அன்று கலாசாரத்துக்காக ஒரு மணித்தியாலம் தளர்த்தியிருந்தார்கள். வெளியார் என்றால் அந்தக் குழந்தைகளும் தாய்மாரும்.

"மழ புடிச்சா நாங்க எல்லாம் இங்கதான் வந்து படுக்கிறது" என்றாள் அவள். "தோட்டத்து ஆபீஸ்லயே அப்படித்தான் சொல்லி வச்சிருக்காங்க, மழ விடலன்னா புள்ளக்காம்பராவுக்குப் போயிருங்கன்னு. அத இந்த விடுதித் தம்பிகிட்ட கேட்டோம். மழ பெஞ்சா பாத்துக்கலாம்னாரு."

"பெஞ்சா?"

"பெய்ய வேணாம்னு காட்டுகிட்ட பேசி வச்சிருப்பாரு போல."

மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட நினைத்தேன். அவள் கண்ணால் கெஞ்சினாள். "எல்லாரும் பாக்குறாங்கம்மா. ப்ளீஸ். மழ வந்தா மொத ஆளா கல்லு கட்டடத்துக்குப் போயிருவேன். சத்தியமா." அந்தச் சத்தியத்தை நம்பித்தான் பஸ் ஏறினேன்.

மழை ஞாயிறு இரவு பிடித்தது. திங்கள் முழுக்க விடவில்லை. செவ்வாய் காலையில் பதுளையிலேயே ஆறு நிறம் மாறி ஓடியது. மகளின் போனுக்கு எடுத்தால் கிடைக்காது. லயப் பக்கம் சிக்னல் இல்லை, பிள்ளைக்காம்பரா வாசலில் மட்டும்தான் உண்டு. ஒருங்கிணைப்பாளருக்கு எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். பின்னேரம் அவரே எடுத்தார். பின்னால் கரண்டிச் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

"ஆன்ட்டி, எல்லாரும் சேஃப். மத்தியானமே பண்டாரவளைக்கு ஷிஃப்ட் பண்ணிட்டோம். ஹொட் சொக்லட் குடிச்சிக்கிட்டு இருக்காங்க."

"மகள்ட்ட குடுங்க."

கரண்டிச் சத்தம் தள்ளிப் போனது.

"அவ ஹோஸ்ட் ஃபேமிலியோட இருக்கா ஆன்ட்டி. வான்ல சீட் லிமிட்டட். இன்டர்நெஷனல் ஸ்டூடன்ட்ஸ மொதல்ல எடுக்கணும்னு ரூல். அவங்க லோக்கல்ஸ்தானே, அவங்களுக்கு மழை பழக்கம்."

"பிள்ளைக்காம்பரா தொறந்திருக்கா?"

"லொக் பண்ணிட்டுத்தான் வந்தோம். நம்ம லெப்டொப் எல்லாம் உள்ள இருக்கே."

அந்தக் குரலில் பதற்றமே இல்லை. என்னைச் சமாதானப்படுத்துகிற குரல் அது. அவருக்கு ஒரு கோப்பையாவது கைதவறியிருக்காது.

கணவர் கடையைப் பாதிக் கதவோடு விட்டுவிட்டு வந்து காரை எடுத்தார். பண்டாரவளையைத் தாண்டும்போது அந்த ஹொட்டேல் எங்கே என்று நான் பார்க்கவில்லை. ஹப்புத்தளையில் பனி, அதற்கு அந்தப் பக்கம் ரோட்டில் செம்மண் வழிந்து கிடந்தது. வழிநெடுகப் பேசுகிற மனுசன் அன்று பேசவில்லை. ஒரே ஒரு தடவை, "வைப்பர் நல்லா வேல செய்யுது" என்றார். தோட்டத்து ரோடு பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே மண்மேடு விழுந்து வழியை அடைத்திருந்தது. காரை விட்டு இறங்கி நடந்தோம். என் குடை முதல் வளைவிலேயே திரும்பிக்கொண்டது. அதை அங்கேயே போட்டேன். லயங்கள் தெரிகிற வளைவுக்கு வரும்போது பொழுது மங்கிவிட்டது. ஒரு லயத்திலும் விளக்கு இல்லை. புகை இல்லை. ஆள் சத்தமும் இல்லை. கடைசி லயத்துக்குப் பின்னால் பச்சையாக இருந்த மலைச்சரிவில் ஒரு பக்கம் சிவப்பாக இருந்தது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கணவர் என் தோளைப் பிடித்துத் தூக்கி, "அங்க பாரு" என்றார்.

ஓடைக்கு அப்பால் பிள்ளைக்காம்பராவின் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே போத்தல் விளக்குகளின் வெளிச்சம்.

வாசலில் அந்தப் பெண் நின்றாள். பித்தளைப் பூட்டு கொண்டியோடு பிடுங்கப்பட்டு அவள் காலடியில் கிடந்தது. "வாங்க, வாங்க. சேத்துக் காலோட வராதீங்க, பசும விடுதி" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உள்ளதான் இருக்கா. போய்ப் பாருங்க" என்றாள்.

உள்ளே டிவிஷன் முழுதும் இருந்தது. மாணவர்களின் மெத்தைகளில் கிழடுகள், பைமூட்டைகளுக்கு நடுவே கோழிகள், மூலையில் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி. மகள் சுவரில் சாய்ந்து, யாருடையவோ குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். என்னைப் பார்த்ததும் "அம்மா, சத்தம் போடாதீங்க, இப்பதான் தூங்குச்சு" என்றாள். நான் எங்கே சத்தம் போட? அவள் காலைத் தொட்டுப் பார்த்தேன், கையைத் தொட்டுப் பார்த்தேன், தலையைத் தொட்டுப் பார்த்தேன்.

மேல் தட்டில் லெப்டொப்கள் அடுக்கப்பட்டு, அவற்றின் மேல் யாரோ தங்கள் ரெயின்கோட்டைப் போர்த்தியிருந்தார்கள். "அது நனஞ்சா நாங்கதான் நனச்சோம்னு சொல்லுவாங்கல்ல" என்றாள் அந்தப் பெண்.

நடந்ததைத் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார்கள். திங்கட்கிழமையே மகள் இங்கே வந்து கேட்டதற்கு, பார்த்துக்கலாம் என்று லயத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார் ஒருங்கிணைப்பாளர். வான் போன பிறகு, மத்தியானம் தாண்டி, லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாரும் குழந்தை குட்டிகளோடு ஓடையைத் தாண்டி வந்திருக்கிறார்கள். கதவில் பூட்டு. மழையில் அப்படியே நின்றிருக்கிறார்கள். தண்ணீர் வடியக் கான் வெட்டுகிற ஒருவரிடம் அலவாங்கு இருந்தது. இரும்புக் கோலைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் நின்றிருக்கிறார். பூட்டை உடைக்க உத்தரவு வேண்டுமே. தோட்டத்துக் கட்டடம், தோட்டத்துக் கதவு, துரை சொல்லாமல் யார் தொடுவது? நாளைக்குப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது யார் பதில் சொல்வது? துரையின் பங்களாவுக்கு ஓர் ஆளை அனுப்பியிருக்கிறார்கள். ரோடு விழுந்துவிட்டதென்று அந்த ஆள் திரும்பி வந்தார். இதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எங்கள் அப்பாவும் அலவாங்கோடு அப்படியே நின்றிருப்பார். தலைமுறை தலைமுறையாக நிற்கப் பழக்கிய ஆட்கள்.

"நான் இந்த வாசல்ல நின்னு கோல் பண்ணேன்ம்மா" என்றாள் மகள். "பூட்டுத் தொறப்பு ஹொட்டேல்ல இருக்கு, பூட்ட ஒடைக்கிறதுன்னா மேல கேக்கணும், அரை மணித்தியாலத்துல சொல்றேன்னாரு."

"சொன்னாரா?"

"இல்ல." குழந்தையின் தலையைக் கொஞ்சம் நகர்த்தினாள். "அவரு எடுப்பாருன்னு பாத்துக்கிட்டே இருந்து போன்ல சார்ஜும் முடிஞ்சிருச்சி. கடைசில நான்தான் சொன்னேன். சேர் ஒடைக்கச் சொல்லிட்டாரு, ஆபீஸ்லயும் பேசிட்டாருன்னு சொன்னேன். அப்படிச் சொல்லாட்டி யாரும் தொட மாட்டாங்கம்மா."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "அடிப்பாவி. அப்ப தம்பி சொல்லலியா?"

"சொல்லல அக்கா."

அலவாங்குக்காரர் தேத்தண்ணிக் கோப்பையை வாயிலிருந்து எடுத்தார். "அப்ப யாரு சொல்லி நான் ஒடச்சேன்?" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு அவரும் சிரித்தார். ஆனால் அவர் கண் பூட்டின் மேலேயே இருந்தது.

அவர்கள் உள்ளே வந்து விளக்கு ஏற்றி முடிக்கிற நேரத்தில் சரிவு இறங்கியிருக்கிறது. மறுநாள் காலை மழை விட்ட பிறகு அந்தப் பெண்ணின் காம்பராவைப் போய்ப் பார்த்தேன். பின்சுவர் உள்ளே விழுந்து, இடுப்பளவுக்குச் சேறு. சுவரோரமாகத்தான் என் மகளின் பாய் விரித்திருந்ததாம். பாயின் ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது. கணவர் அதை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. "விடுங்க" என்றேன். அந்த மூலை இன்றைக்கும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. சமைக்கும்போது வரும், பஸ்ஸில் வரும்.

அடுத்த மாதம் பாடசாலையில் நிறைவு விழா நடந்தது. பிளாஸ்டிக் இல்லாத விழா. வாழையிலையில் கேக் வைத்தார்கள். ஒருங்கிணைப்பாளர் மறுபடி திரையில் படம் காட்டினார். கூடை கட்டிய மாணவர்கள், பாதி எரிந்த மன்மதன், மஞ்சள் மூக்குப் பறவை. "சவால்கள்" என்ற தலைப்பில் ஒரு படம் வந்தது. பித்தளைப் பூட்டு, பிடுங்கிய கொண்டியோடு. அனுமதியின்றி விடுதி உடைக்கப்பட்டது வருத்தமானது, தோட்ட ஆபீஸ் விசாரிக்கிறது, சமூகத்தோடு இன்னும் நம்பிக்கையை வளர்க்க வேண்டியிருக்கிறது என்று மிகவும் மென்மையாகச் சொன்னார். மண்சரிவைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. காலநிலை மாற்றத்தின் தாக்கத்தை மாணவர்கள் நேரடியாக உணர்ந்தார்களாம். ஹொட்டேலிலிருந்து உணர்ந்திருப்பார்கள்.

என் மகள் எழுந்தாள். "ஒடைக்கச் சொன்னது நான் சேர். உங்க பேரச் சொல்லித்தான் ஒடைக்கச் சொன்னேன். அந்த அண்ணன விசாரிக்கிறாங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது. இத நீங்க ஆபீஸ்ல சொல்லணும். இன்னைக்கே."

ஒருங்கிணைப்பாளர் ஒரு கணம்தான் தடுமாறினார். உடனே கை தட்டத் தொடங்கினார். எல்லாரும் தட்டினார்கள். தலைமைத்துவத்துக்கான உதாரணம் என்று அந்த மேடையிலேயே ஒரு விருதை உருவாக்கி அவளுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடத்து விளம்பரத்தில் என் மகளின் படமும் அதற்குக் கீழே "நெருக்கடியில் மலரும் தலைமை" என்ற வரியும் இருக்கின்றன. மலருகிறதாம். எனக்கு அந்தக் காகிதத்தைத் தொடவே பிடிக்கவில்லை.

கை தட்டியதோடு விட்டுவிடவில்லை. மகளும் நானும் அவரை விடாமல் நின்று, அங்கேயே தோட்ட ஆபீசுக்குப் போன் போட வைத்தோம். அலவாங்குக்காரரின் பெயர் விசாரணையிலிருந்து எடுக்கப்பட்டது. பேசி முடித்த பிறகு, கொஞ்சம் தயங்கி, "அந்த லொக்க மட்டும் நீங்க ரிப்ளேஸ் பண்ணித் தந்தீங்கன்னா நல்லாயிருக்கும் ஆன்ட்டி" என்றார். அடுத்த குழு வரப்போகிறதாம்.

"தாராளமா" என்றேன்.

பதுளை பஸாரில் எங்களுக்குப் பழக்கமான நானாவின் ஹாட்வெயார் கடைக்குப் போனேன். இருப்பதிலேயே அதிகச் சாவி, அதிகத் திறப்பு வருகிற பூட்டு எது என்று கேட்டேன்.

"பலமான பூட்டுத்தான் எல்லாரும் கேப்பாங்க. நீங்க தொறப்புக் கேக்குறீங்க" என்றார் நானா.

"பூட்டு எப்படி இருந்தாலும் பரவாயில்ல நானா."

அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, நாலு திறப்போடு ஒரு பூட்டை எடுத்து வைத்தார். ஒரு திறப்பைப் பாடசாலை ஆபீசில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். மற்றவற்றை நானும் மகளும் டிவிஷனுக்குக் கொண்டுபோனோம். ஒன்று அந்தப் பெண்ணுக்கு. அவள் குடும்பம் இப்போது அந்தத் தோட்டத்துப் பழைய ஸ்டோரில், தகரம் அடித்து மறைத்த ஒரு மூலையில் இருக்கிறது. புது வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். திறப்பைத் தாலிக்கயிற்றோடு சேர்த்துக் கோத்துக்கொண்டாள். இன்னொன்றை அலவாங்குக்காரரிடம் நீட்டினோம். அவர் கையை நீட்டவில்லை.

"இது யாரு குடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல அண்ணே. நாங்கதான் குடுக்குறோம்" என்றாள் மகள்.

கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார். நாலாவது என் கைப்பையில் இருக்கிறது. அறுபது கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் கதவின் திறப்பு பதுளையில் எதற்கு என்று கணவர் கேட்பதுண்டு. கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

போன கிழமை பின்னேரம் மழை பிடித்தது. மகள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கணவர் டீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அக்கா, ஓடையத் தாண்டிட்டீங்களா?"

"எப்பவோ வந்தாச்சுடி" என்ற குரல் எனக்கும் கேட்டது. பின்னால் குழந்தைகளின் கூச்சல். "அந்தத் தம்பியோட ஆளுங்க யாரும் இல்ல, நல்ல எடமா இருக்கு. ஒங்கம்மாவ உக்காரச் சொல்லு. நின்னுக்கிட்டுத்தான் இருப்பாங்க."

நான் உட்கார்ந்தேன்.